பவுண்டிலிருந்து பாஸ்கல் வரை: அழுத்த அளவைகளும் முடிவுறாத ஒரு மாற்றமும்

(அரசு அலுவலர்களும் பொறியியல் மாணவர்களும் கலந்துகொண்ட பயிற்சி வகுப்பொன்றில் ஆற்றிய உரை)



அழுத்தத்தை அளக்கும் அலகுகளைப் பற்றிப் பேசுமாறு என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் பொருளாதாரம் பயின்றவன், பொறியாளன் அல்லன். சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்பதை இத்தனை பாஸ்கல் என்று மாற்றுவது பெருக்கல் கணக்குத்தானே, அதில் பொருளாதாரத்துக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். பெருக்கல் எளிதுதான். ஆனால் எந்த எண்ணைப் பெருக்குவது, விடையை எந்தப் பக்கமாக முழுமையாக்குவது, எந்த எண்ணைத் தொடாமலே விட்டுவிடுவது என்பவை எளியவை அல்ல. அவற்றில் நேரும் பிழைக்குச் சில வேளை பணத்தாலும் சில வேளை உயிராலும் விலை கொடுக்க நேரிடுகிறது. அந்த விலை யாருடைய கணக்கிலும் எழுதப்படுவதில்லை. அதனாலேயே இது பொருளாதாரம் பயின்றவர்களும் சிந்திக்க வேண்டிய பொருளாகிறது.

தராசில் முடிந்தது, இயந்திரத்தில் முடியவில்லை

நம் நாட்டில் அளவை முறை மாற்றம் நடைபெற்ற விதம் உலகமே கவனித்த ஒன்று. 1957 ஏப்ரல் 1 முதல் தசம நாணயம் வழக்கிற்கு வந்தது. ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற கணக்கு போய், நூறு புதிய பைசா என்ற கணக்கு வந்தது. அதற்கு முன்பே, 1956-இல் எடை, அளவைத் தரச் சட்டம் நிறைவேறியிருந்தது. 1958 அக்டோபரில் மெட்ரிக் எடைகள் தேர்ந்தெடுத்த பகுதிகளில் புழக்கத்திற்கு வந்தன. சேர், மணங்கு, தோலா என்று வட்டாரத்துக்கு ஒன்றாக இருந்த நிறைகள் சில ஆண்டுகளுக்குள் சந்தையை விட்டு அகன்றன. இந்தப் பணிக்குத் தொழில்நுட்ப அடித்தளம் அமைத்ததில் 1947-இல் தோன்றிய இந்தியத் தர நிறுவனத்துக்கும், அதன் இயக்குநராக இருந்த டாக்டர் லால் சி. வர்மனுக்கும் பெரும் பங்கு உண்டு.

சந்தையில் இந்த மாற்றம் விரைவாக நடந்ததற்கு ஒரு காரணம் உண்டு. தராசுக் கல்லின் விலை குறைவு. பழையதை எடுத்துக்கொண்டு புதியதைக் கொடுத்துவிடலாம். வாங்குபவரும் விற்பவரும் எதிரெதிரே நிற்பதால் பழைய அளவைப் பயன்படுத்துவதை மறைக்கவும் முடியாது. அழுத்தத்தின் கதை வேறு. அது கொதிகலனிலும் குழாயிலும் அமுக்கியிலும் இருக்கிறது. ஓர் இயந்திரம் முப்பது, நாற்பது ஆண்டுகள் உழைக்கிறது. அதன் அழுத்தமானி, வரைபடம், பராமரிப்புப் புத்தகம், அதை இயக்கக் கற்றுக்கொண்ட தொழிலாளியின் நினைவு ஆகிய அனைத்தும் அது பிறந்த நாளின் அலகிலேயே நிலைத்து நிற்கின்றன. சட்டம் ஒரே நாளில் மாறலாம்; மூலதனச் சாதனம் அவ்வாறு மாறுவதில்லை.

இயந்திரத்தோடு வந்த அலகுகள்

இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் பொதுத்துறையில் மூன்று உருக்காலைகள் எழுந்தன. பிலாய் ஆலைக்குச் சோவியத் நாடும், ரூர்கேலாவுக்கு மேற்கு ஜெர்மனியும், துர்காப்பூருக்குப் பிரிட்டனும் உதவின. அக்காலத்தில் சோவியத், ஜெர்மன் பொறியாளர்கள் அழுத்தத்தைச் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோகிராம் விசை என்று கூறினர். அதற்குத் ‘தொழில்நுட்ப வளிமண்டலம்’ என்ற பெயரும் உண்டு. பிரிட்டிஷ் பொறியாளர்கள் சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்றனர். பிரிட்டன் தன் தொழில்துறையில் மெட்ரிக் முறைக்கு மாறத் தொடங்கியதே 1965-இல்தான். ஆக, உதவி எந்த நாட்டிலிருந்து வந்ததோ, அந்த நாட்டின் அலகும் கூடவே வந்து சேர்ந்தது.

இதில் நாம் மறந்துவிடும் செய்தி ஒன்று உண்டு. நம் தொழில்துறை கடக்க வேண்டியிருந்தது ஒரு மாற்றம் அன்று, இரண்டு. முதலாவது, பவுண்டிலிருந்து கிலோகிராம் விசைக்கு. இரண்டாவது, கிலோகிராம் விசையிலிருந்து பாஸ்கலுக்கு. 1960-இல் சர்வதேச அலகு முறை உருவாயிற்று. சதுர மீட்டருக்கு ஒரு நியூட்டன் என்ற அழுத்தத்துக்குப் ‘பாஸ்கல்’ என்று பெயர் சூட்டியது 1971-இல். நம் 1976-ஆம் ஆண்டுச் சட்டம் சர்வதேச முறையை ஏற்றது. 2011 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள சட்ட அளவியல் சட்டம், 2009, அதனை உறுதி செய்கிறது. எனினும் முதல் மாற்றத்தை முடித்தவர்களில் பலர், மெட்ரிக் முறைக்கு வந்துவிட்டோம் என்ற நிறைவில் இரண்டாவதன் பாதி வழியிலேயே நின்றுவிட்டனர். எனவேதான் இன்று ஒரே தொழிற்சாலையில் பவுண்டு, கிலோகிராம் விசை, பார், கிலோபாஸ்கல் ஆகிய நான்கும் அடுத்தடுத்த முகப்புகளில் காணப்படுகின்றன.

மாற்று எண்கள்

மாணவர்கள் இந்த எண்களை மனப்பாடம் செய்வதைவிட அவை எங்கிருந்து வருகின்றன என்பதை அறிவது நல்லது. ஒரு பவுண்டு என்பது 0.45359237 கிலோகிராம், ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். இவ்விரண்டும் 1959 முதல் வரையறையாலேயே துல்லியமானவை. நியம ஈர்ப்பு முடுக்கம் 9.80665. பவுண்டு நிறையை இதனால் பெருக்கினால் 4.448 நியூட்டன் விசை கிடைக்கிறது. அதனை ஒரு சதுர அங்குலப் பரப்பால், அதாவது 645.16 சதுர மில்லிமீட்டரால் வகுத்தால் 6.895 கிலோபாஸ்கல். சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு என்பது இதுவே.

மற்றவை வருமாறு:

சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோகிராம் விசை = 98.0665 கிலோபாஸ்கல் = 14.22 பவுண்டு.
ஒரு பார் = 100 கிலோபாஸ்கல் = 14.50 பவுண்டு.
ஒரு நியம வளிமண்டலம் = 101.325 கிலோபாஸ்கல் = 14.70 பவுண்டு.
ஓர் அங்குலப் பாதரசம் = 3.386 கிலோபாஸ்கல்.
ஓர் அடி நீர்மட்டம் = 2.989 கிலோபாஸ்கல்.
சதுர அடிக்கு ஒரு பிரிட்டிஷ் டன் = 107.25 கிலோபாஸ்கல்.

இப்பட்டியலின் முதல் மூன்று வரிகளைக் கூர்ந்து நோக்குங்கள். கிலோகிராம் விசை, பார், வளிமண்டலம் ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒன்றே போலத் தோன்றுகின்றன. ஆபத்து இந்த ஒற்றுமையில்தான் இருக்கிறது. பவுண்டைப் பார் என்று எவரும் தவறாகக் கொள்ளமாட்டார். பதினான்கு மடங்கு வேறுபாடு கண்ணில் குத்தும். கிலோகிராம் விசைக்கும் பாருக்கும் உள்ள 2 சதவீத வேறுபாடோ, கண்ணுக்குத் தெரியாமல் நழுவிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு கொதிகலனின் உச்ச வேலை அழுத்தம் 10 கிலோகிராம் விசை என்று சான்றிதழில் எழுதப்பட்டிருக்கிறது எனக் கொள்வோம். அழுத்தமானி பழுதாகி, புதியது வாங்கப்படுகிறது. அதன் முகப்பு பாரில் இருக்கிறது. பழைய முகப்பில் 10-இல் இருந்த சிவப்புக் கோட்டைப் புதியதிலும் 10-இல் வரைந்துவிட்டால், கொதிகலன் 10.2 கிலோகிராம் விசை வரை செல்ல அனுமதி பெற்றதாகிவிடுகிறது. இரண்டு சதவீதத்தால் கொதிகலன் வெடித்துவிடாது என்பது உண்மையே. ஆனால் தகட்டின் அரிப்பு, கருவியின் பிழை, வால்வின் தாமதம் ஆகியவற்றுக்காக விடப்பட்ட பாதுகாப்பு இடைவெளியில், எவரும் அறியாமலும் எவரும் கையெழுத்திடாமலும் ஒரு பகுதி செலவழிக்கப்பட்டுவிட்டது. இப்படிப்பட்ட சிறு செலவுகள் பல ஒரே நாளில் ஒன்றுகூடும்போதுதான் விபத்து நேர்கிறது. 1923-ஆம் ஆண்டின் கொதிகலன் சட்டத்துக்கு மாற்றாக 2025-இல் புதிய சட்டம் வந்துள்ள இவ்வேளையில், ஆய்வாளர்களும் உரிமையாளர்களும் இதனை நினைவிற் கொள்வது பொருத்தம்.

எங்கிருந்து அளந்தது?

மாற்றும் முன் கேட்க வேண்டிய முதற்கேள்வி, அழுத்தம் எங்கிருந்து அளக்கப்பட்டது என்பது. சாதாரண அழுத்தமானி, சுற்றியுள்ள வளிமண்டல அழுத்தத்தைப் பூஜ்யமாகக் கொண்டு, அதற்கு மேற்பட்டதையே காட்டுகிறது. இதனை அளவி அழுத்தம் என்கிறோம். முழு வெற்றிடத்தைப் பூஜ்யமாகக் கொண்டால் கிடைப்பது தனி அழுத்தம். அளவியில் 100 பவுண்டு என்பது 689.5 கிலோபாஸ்கல், அதன் தனி அழுத்தமோ கடல்மட்டத்தில் ஏறத்தாழ 791 கிலோபாஸ்கல். வாயுவின் அளவைக் கணக்கிடும்போது இவ்விரண்டையும் குழப்பினால் விடை ஏறத்தாழ 15 சதவீதம் தவறிவிடும். மாற்று எண்ணை ஆறு தசம இடங்கள் வரை எழுதியிருந்தாலும் பயனில்லை.

இடத்தின் உயரமும் இதில் கலந்துகொள்கிறது. ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் வளிமண்டல அழுத்தம் சுமார் 65 கிலோபாஸ்கல்தான். அங்கே ஒரு வெற்றிட எக்கி எவ்வளவு சிறந்ததாயினும் 19 அங்குலப் பாதரசத்துக்குச் சற்று மேல்தான் வெற்றிடம் காட்ட முடியும். ‘21 அங்குல வெற்றிடம் தர வேண்டும்’ என்று சமவெளியில் எழுதிய ஒப்பந்த நிபந்தனையை அங்கே எந்த எக்கியாலும் நிறைவேற்ற இயலாது.

ரயில்வேயின் தடை அமைப்பு இதற்கு நல்ல விளக்கம். முன்னாளில் வண்டிகளில் இருந்தது வெற்றிடத் தடை. ஏறத்தாழ 21 அங்குலப் பாதரச வெற்றிடம், அதாவது வளிமண்டலத்துக்குக் கீழே 71 கிலோபாஸ்கல். பின்னர் வந்த காற்றுத் தடையில் தடைக் குழாயின் அழுத்தம் 5 கிலோகிராம் விசை, அதாவது வளிமண்டலத்துக்கு மேலே 490 கிலோபாஸ்கல். அங்குலத்திலும் கிலோகிராமிலும் எழுதியிருந்தவரை இவற்றை ஒப்பிடவே முடியவில்லை. ஒரே அலகில் எழுதியதும், நீண்ட சரக்கு வண்டிகளுக்குக் காற்றுத் தடை ஏன் தேவைப்பட்டது என்பதன் ஒரு பகுதி தானே விளங்கிவிடுகிறது. வெற்றிடம் எவ்வளவு முயன்றாலும் 101 கிலோபாஸ்கலைத் தாண்ட முடியாது. அலகு ஒன்றானால் சிந்தனையும் தெளிவாகிறது.

எந்தப் பக்கம் முழுமையாக்குவது?

பள்ளியில் நாம் கற்ற விதி, பாதிக்கு மேற்பட்டால் மேலே, குறைந்தால் கீழே என்பது. பாதுகாப்புக்கு இது போதாது. 150 பவுண்டு என்பது 10.55 கிலோகிராம் விசை. அது ஒரு கலத்தின் உச்ச வரம்பாயின் 10.5 என்று கீழே இறக்கியே எழுத வேண்டும், 10.6 என்று எழுதினால் வரம்பை நாமே உயர்த்தியவர்களாவோம். அதே எண், தீயணைப்புக் குழாயில் குறைந்தபட்சம் இருக்க வேண்டிய அழுத்தமாயின் மேலே ஏற்றியே எழுத வேண்டும். உச்ச வரம்பு இறங்கட்டும், குறைந்தபட்சத் தேவை ஏறட்டும் என்பதே விதி.

மாற்றவே கூடாத எண்களும் உண்டு. குழாய் இணைப்புத் தட்டுகளில் ‘வகுப்பு 150’ என்று பொறித்திருப்பதைக் காணலாம். அதனை 150 பவுண்டு என்று எண்ணிக் கிலோபாஸ்கலாக மாற்றுபவர்கள் இருக்கிறார்கள். அது இன்று ஒரு வகைப் பெயரே. சாதாரண வெப்பநிலையில் கார்பன் உருக்காலான அத்தகைய தட்டு 285 பவுண்டு, அதாவது 19.6 பார் வரை தாங்கும். வெப்பநிலை உயர உயர அது தாங்கும் அளவு குறையும். பெயரைப் பெருக்கினால் அளவு கிடைக்காது.

எண்ணை மாற்றுவதும் அளவையே மாற்றுவதும்

அலகு மாற்றத்தில் இரு வகை உண்டு. பொருள் அப்படியே இருக்க, அதன் எண்ணை மட்டும் மாற்றி எழுதுவது ஒன்று. புதிய அலகில் முழு எண்ணாக வருமாறு தரத்தையே மாற்றி அமைப்பது மற்றொன்று. முன்னது எளிது, ஆனால் பழைய முறை புதிய உடையில் தொடர்கிறது. பின்னது கடினம், ஆனால் மாற்றம் நிலைபெறுகிறது.

இதற்குக் கட்டடத் துறை நல்ல சான்று. கான்கிரீட்டின் வலிமையும் பரப்பின் மீது விசை என்ற அதே அலகில்தான் அளக்கப்படுகிறது. ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரத்தின் 1964-ஆம் ஆண்டுப் பதிப்பில் கான்கிரீட் வகைகள் எம் 150, எம் 200 என்று சதுர சென்டிமீட்டருக்குக் கிலோகிராம் விசையில் குறிக்கப்பட்டன. 1978-ஆம் ஆண்டுப் பதிப்பில் அவை எம் 15, எம் 20 என்று சதுர மில்லிமீட்டருக்கு நியூட்டனில், அதாவது மெகாபாஸ்கலில் வந்தன. 150 கிலோகிராம் விசையை அப்படியே மாற்றினால் 14.71 வரும். தரக் குழுவினர் 14.71 என்று எழுதவில்லை. 15 என்று நிர்ணயித்தனர். வலிமையும் 2 சதவீதம் உயர்ந்தது, நினைவில் நிற்கும் எண்ணும் கிடைத்தது. இன்று நாட்டின் எந்த மூலையிலுள்ள மேஸ்திரியும் ‘எம் 20’ என்று சொல்கிறார். தாம் பேசுவது சர்வதேச அலகு என்பதை அவர் அறிந்திருக்கத் தேவையில்லை. அளவைச் சீர்திருத்தத்தின் வெற்றி இதுவே.

பழைய ஆவணங்கள்

ஆயினும் பழைய கட்டடங்களும் அணைகளும் நம்மோடு இருக்கின்றன. 1963-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பக்ரா அணையின் உயரம் அக்கால வழக்கப்படி 740 அடி என்றே எழுதப்பட்டது. அவ்வளவு உயர நீர்ப்பத்தி அடியில் தரும் அழுத்தம் ஏறத்தாழ 2,212 கிலோபாஸ்கல். மெட்ரிக் முறைக்கு முந்திய அணைகளின் வரைபடங்களில் அடித்தளத்தின் தாங்குதிறன் சதுர அடிக்கு இத்தனை டன் என்று இருக்கும். இங்கே டன் என்பது 1,016 கிலோகிராம் கொண்ட பிரிட்டிஷ் டன். இன்றைய 1,000 கிலோகிராம் டன் அன்று. அணைப் பாதுகாப்புச் சட்டம், 2021, அணைகளின் ஆவணங்களைப் பேணுவதையும் அணைகளை மறுமதிப்பீடு செய்வதையும் கடமையாக்கியிருக்கிறது. மறுமதிப்பீடு செய்யும் இளம் பொறியாளர் அந்தப் பழைய டன்னைச் சந்திக்கத்தான் போகிறார்.

பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதிய எண்ணை எழுதுவது பெருந்தவறு. மூல எண் அப்படியே இருக்க வேண்டும். அருகில் மாற்றிய எண், பயன்படுத்திய மாற்று எண், தேதி, மாற்றியவர் கையெழுத்து ஆகியவை இடம்பெற வேண்டும். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் வருபவர் நம் கணக்கைச் சரிபார்க்க இதுவே வழி.

செலவு யாருடையது?

இரட்டை அலகுகளால் நேரும் இழப்பு எந்த நிறுவனத்தின் வரவு செலவிலும் தனி இனமாக வருவதில்லை. இரண்டு வகை உதிரி உறுப்புகளைக் கிடங்கில் வைத்திருப்பது, வரைபடத்தைத் திரும்பச் சரிபார்ப்பது, தொழிற்பயிற்சி நிலையத்தில் பாஸ்கல் கற்ற இளைஞர் வேலையில் சேர்ந்ததும் பவுண்டை மறுபடி கற்பது என்று அது ஆயிரம் இடங்களில் சிதறிக் கிடக்கிறது. மாறுவதன் செலவோ ஒரே நாளில், ஒரே பட்டியலில் வருகிறது. ஆகவே ஒவ்வொரு நிறுவனமும் மாறாமலிருப்பதே சிக்கனம் என்று கருதுகிறது. தனித்து மாறுபவருக்குப் பயன் குறைவு. எல்லோரும் மாறினால் எல்லோருக்கும் பயன். இத்தகைய இடத்தில் சந்தை தானாக முடிவெடுக்காது. அரசும் தர நிறுவனங்களும் வழிகாட்ட வேண்டும். தராசு விஷயத்தில் நடந்தது இதுதான்.

இழப்பு சில வேளை பெரிதாகவும் வருவதுண்டு. 1999 செப்டம்பரில் செவ்வாய்க்குச் சென்ற மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்ற அமெரிக்க விண்கலம் அழிந்தது. ஒரு கணினி நிரல் பவுண்டு விசையில் தந்த விடையை மற்றொன்று நியூட்டன் என்று கொண்டதே அதன் காரணம். வான்வழிப் போக்குவரத்திலும் இதே இடர் உண்டு. அமெரிக்காவில் வளி அழுத்தத்தைப் பாதரச அங்குலத்திலும், நம் நாட்டில் ஹெக்டோபாஸ்கலிலும் விமானிக்குக் கூறுகின்றனர். 992 ஹெக்டோபாஸ்கல் என்று கேட்டதை 29.92 அங்குலம் என்று பொருத்திவிட்டால், உயரமானி உண்மையைவிட ஏறத்தாழ 600 அடி அதிகமாகக் காட்டும். மேகத்துக்குள் இறங்கும் விமானத்துக்கு அந்த 600 அடி எத்தகையது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

எல்லா இடத்திலும் உடனே மாற வேண்டும் என்று நான் வாதிடவில்லை. மருத்துவர் இரத்த அழுத்தத்தை 120-க்கு 80 என்று மில்லிமீட்டர் பாதரசத்தில் கூறுகிறார். அதனை 16-க்கு 10.7 கிலோபாஸ்கல் என்று மாற்றுவதால் வரும் நன்மை குறைவு. உலகெங்கும் ஒரே வழக்கு நிலவும் இடத்தில் குழப்பம் விளைவதே மிகுதி. மாற்றத்தின் பயனையும் இடரையும் எடைபோட்டே முடிவு செய்ய வேண்டும்.

செய்யத்தக்கவை

அலுவலர்களுக்குச் சில கூறுவேன். ஒப்பந்தப் புள்ளி கோரும் ஆவணத்தில் அழுத்த அலகு இன்னது, அது அளவி அழுத்தமா தனி அழுத்தமா என்பதை முதற் பக்கத்திலேயே குறிப்பிடுங்கள். அழுத்தமானி பழுதாகி மாற்றும் ஒவ்வொரு முறையும் மாற்றத்துக்கான வாய்ப்பு. அப்போது கிலோபாஸ்கலோ மெகாபாஸ்கலோ கொண்ட முகப்பையே வாங்குங்கள். இடைக்காலத்துக்கு இரட்டை முகப்பு இருக்கலாம். ஆனால் சிவப்புக் கோட்டைச் சான்றிதழைப் பார்த்து வரையுங்கள். பழைய முகப்பைப் பார்த்து வரையாதீர்கள். ஓர் ஆலைக்குள் ஒரே பிரிவில் இரண்டு அலகுகள் அருகருகே இருப்பதை முதலில் ஒழியுங்கள்.

மாணவர்களுக்கு ஒன்று. அலகு எழுதாத எண்ணை ஏற்காதீர்கள், நீங்களும் எழுதாதீர்கள். ‘பத்து இருக்கிறது’ என்று சக பணியாளர் கூறினால், ‘பத்து எது?’ என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். கொதிகலன் அருகே நின்று பணியாற்றும் தொழிலாளி அழுத்தமானியின் முள்ளை நம்பியே இரவைக் கழிக்கிறார். அம்முகப்பில் இருக்கும் எண்ணுக்கும் சான்றிதழில் இருக்கும் எண்ணுக்கும் ஒரே பொருள் இருக்குமாறு பார்த்துக்கொள்வது, பெருக்கல் தெரிந்த நம் அனைவரின் கடமை. 1950-களில் இந்நாட்டின் சந்தையைச் சீர்படுத்திய அதே பொறுமையும் ஒழுங்கும் இருந்தால், இயந்திரக் கூடத்தில் எஞ்சியிருக்கும் இந்த இரண்டாவது மாற்றத்தையும் நம்மால் முடித்துவிட முடியும்.